ஐஸ் டோக்கன் 412 இரண்டு படகுக்குப் போனது எப்படி: கோப்புப் பூட்டு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் ஓ.டி. துறைமுகத்தை ஒட்டி ஒரு ஐஸ் பிளான்ட். ஜூன் 14 சாயங்காலம் அங்கே 412 என்ற டோக்கன் இரண்டு விசைப்படகுகளுக்குப் போனது. இரண்டு தரப்பும் ஐஸ் பார் ஏற்ற ஒரே நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தின. அந்தச் சண்டை ஓய்வதற்குள் மூன்றாவது கவுன்டரில் 1 என்ற எண்ணோடு ஒரு டோக்கன் வந்தது. பிறகு 2, 3 என்று வரிசை முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. யாரோ சர்வரில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து எண்ணைக் கையால் மாற்றி நிலைமையைச் சமாளித்தார்கள்.

அது நடந்த நாள் தற்செயல் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிகிற நள்ளிரவே கடலுக்குப் போக வேண்டுமென்றால் டீசல், ஐஸ், மளிகை எல்லாம் அதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டும். மற்ற நாளில் நிதானமாக ஒருவர் பின் ஒருவராக வருகிறவர்கள் அன்று மூன்று கவுன்டரிலும் முண்டியடிப்பார்கள். புரோகிராமில் பல மாதமாகப் படுத்திருந்த பிழை எழுந்து நிற்க அப்படி ஒரு நாள் போதும்.

என்னைக் கூப்பிட்டது அதற்கு வெகுநாள் கழித்து, வேறொரு புகாருக்காக. சர்வரில் பார்த்தபோது டோக்கன் நிரலின் மூன்று தலைமுறைகள் அப்படியே கிடந்தன: ஒன்று ‘பழையது’, ஒன்று ‘புதுசு’, ஒன்று ‘புதுசு கடைசி’. இப்படிப் பெயர் வைப்பவர்களை நாம் கிண்டல் செய்வோம். ஆனால் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பொறுக்கி எடுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆவணம் அதுதான்.

அமைப்பு எளிது. அலுவலக அறையில் ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் அப்பாச்சி என்ற வெப் சர்வரும் பிஎச்பி மொழியில் எழுதிய டோக்கன் நிரலும். மூன்று கவுன்டரிலும் பிரவுசர். ஒவ்வொரு கவுன்டருக்கும் நெட்வொர்க்கில் மாட்டிய ஒரு தெர்மல் பிரின்டர். கடைசியாகக் கொடுத்த எண் எது என்பது ஒரே ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் நிரல் அந்த எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதி, அச்சுக்கு அனுப்பும்.

பழையது

முதல் தலைமுறையில் கோப்புப் பூட்டே, அதாவது ஒருவர் கோப்பில் வேலை செய்யும்போது மற்றவரைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடே, இல்லை என்று நினைத்துத்தான் திறந்தேன். இருந்தது. எழுதுகிற வரியில் ‘ஃபைல் புட் கன்டென்ட்ஸ்’ சார்புக்கு எக்ஸ்க்ளூசிவ் பூட்டுக்கான, அதாவது ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கும் பூட்டுக்கான, கொடியை (flag) கொடுத்திருந்தார்கள். படிக்கிற வரியில் மட்டும் எதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எழுதும்போது பூட்டிவிட்டோமே, பிறகென்ன என்று.

முதல் கவுன்டர் படிக்கிறது: 411. அது எழுதுவதற்குள் இரண்டாவது கவுன்டரும் படிக்கிறது: அதே 411. முதல் கவுன்டர் முறையாகப் பூட்டி 412 எழுதி விடுகிறது. இரண்டாவது கவுன்டர் தன் முறை வந்ததும் அதே ஒழுக்கத்தோடு பூட்டி அதே 412ஐ எழுதுகிறது. இரண்டு எழுத்தும் மோதவில்லை, பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. காக்க வேண்டியது எழுதும் கணத்தை அல்ல, படிப்பதில் தொடங்கி எழுதி முடிப்பது வரையிலான முழு வேலையை.

1 எப்படி வந்தது? அந்தச் சார்பு கோப்பைத் திறந்து, பூட்டி, உள்ளே இருப்பதை வெட்டிச் சுருக்கிவிட்டுத்தான் புதியதை எழுதும். சுருக்கியதற்கும் எழுதியதற்கும் நடுவே ஒரு இம்மி நேரம் கோப்பு காலியாக இருக்கும். அந்த இம்மி நேரத்தில் பூட்டைக் கேட்காமல் படிக்க வந்தவனுக்கு எழுத்தே இல்லாத காலிச் சரம் கிடைக்கிறது. அதை முழு எண்ணாக மாற்றினால் பூஜ்யம், ஒன்று கூட்டினால் 1. அதை அவன் தன் முறைக்குப் பூட்டி, பத்திரமாக எழுதியும் வைக்கிறான்.

பூட்டியிருக்கும்போது இன்னொருவனால் எப்படிப் படிக்க முடிந்தது என்று பிளான்ட் கணக்கர் கேட்டார். நியாயமான கேள்வி. விண்டோஸில் லாக்ஃபைல்இஎக்ஸ் என்ற அழைப்பை வைத்து எக்ஸ்க்ளூசிவாகப் பூட்டிய பகுதியை மற்ற நிரல்களால் சாதாரணமாகப் படிக்கவோ எழுதவோ முடியாது. லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் வழியில் பூட்டு என்பது பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி: துண்டைப் பார்த்து மதிக்கிறவன் உட்கார மாட்டான், பார்க்காமல் வந்து உட்காருகிறவனைத் துண்டு தடுக்காது. லினக்ஸில் கட்டாயப் பூட்டு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அது நம்பகமாக இயங்கியதில்லை, பயன்படுத்தியவர்களும் மிகக் குறைவு. 2021இல் வந்த 5.15 கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) அதை எடுத்தே விட்டார்கள். ஆகவே அந்தக் கோப்பைத் தொடும் ஒவ்வொரு வரியும், படிப்பது உட்பட, அதே பூட்டைக் கேட்டாக வேண்டும்.

புதுசு

இரண்டாவது தலைமுறை அன்று இரவே அவசரத்தில் எழுதப்பட்டது. ‘பூட்டு’ என்று ஒரு காலிக் கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் காத்திரு, இல்லையென்றால் அதை உருவாக்கு, வேலையை முடித்து அழித்துவிடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘இருக்கிறதா’ என்று பார்ப்பதும் ‘உருவாக்கு’ என்பதும் இரண்டு தனித்தனி வேலை. பழைய ஓட்டையே வேறு உருவத்தில் வந்துவிட்டது. இரண்டு பேரும் ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் உருவாக்கி, இரண்டு பேரும் உள்ளே போகலாம்.

அந்த ஓட்டையை அடைப்பது சுலபம். பார்ப்பதையும் உருவாக்குவதையும் கெர்னலே ஒரே மூச்சில் செய்யும் வழி உண்டு: சி மொழியில் ஓபன் அழைப்புக்கு ஓ-கிரியேட், ஓ-எக்ஸ்க்ளூசிவ் இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கொடுப்பது, பிஎச்பியில் ‘எக்ஸ்’ மோடில் திறப்பது. ஏற்கெனவே இருந்தால் தோல்வி, இல்லையென்றால் உருவாகும். எம்கேடிர் வைத்து அடைவு உருவாக்குவதும் அப்படித்தான்.

அடைக்க முடியாத ஓட்டை வேறு. ஐஸ் பிளான்ட்டில் அமோனியா கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன பெட்டி அப்போது ரீஸ்டார்ட் ஆகும். பூட்டுக் கோப்பு இருக்கும்போது பெட்டி விழுந்தால், எழுந்த பிறகும் அந்தக் கோப்பு டிஸ்கில் அப்படியே இருக்கும். அதைப் போட்டவன் உயிரோடு இல்லை, எடுக்க ஆளில்லை, மூன்று கவுன்டரும் காத்துக்கொண்டே இருக்கும். முதல் கவுன்டர் மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: “கரண்ட் வந்ததும் பூட்டு ஃபைலை டெலிட் பண்ணவும்.” அதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. கரண்ட் போகாத நாளிலும், கொஞ்சம் தாமதமானால் யாராவது போய் அழிப்பார்கள் அல்லவா? உள்ளே ஒருவர் நிஜமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது.

பூட்டுக் கோப்புக்குள் பிராசஸ் எண்ணை (ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் தரும் எண்) எழுதி வைத்து, அந்தப் பிராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாமே என்பார்கள். பரவலாக இருக்கும் பழக்கம்தான், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பிராசஸ் எண்கள் சுழற்சியில் மறுபடி வரும். பெட்டி ரீஸ்டார்ட் ஆனால் அதே சர்வீஸ்கள் ஏறக்குறைய அதே வரிசையில் எழும், பழைய எண் சம்பந்தமே இல்லாத வேறொரு பிராசஸுக்குப் போயிருக்கும். அது உயிரோடுதான் இருக்கும், நம் பூட்டுக் கோப்பும் அழிக்கப்படாமலே கிடக்கும். கோப்பை ரன் அடைவில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் அது தானாகக் காலியாகும், உண்மை. ஆனால் பெட்டி நிற்காமல் நிரல் மட்டும் நடுவில் செத்தால் அந்த உபாயமும் உதவாது.

புதுசு கடைசி

மூன்றாவது தலைமுறையை எழுதியவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். எண் கோப்பை ‘சி பிளஸ்’ மோடில் திறக்கிறார். ‘டபிள்யூ’ மோடில் திறந்திருந்தால் பூட்டைக் கேட்பதற்கு முன்பே உள்ளடக்கம் அழிந்திருக்கும், அந்தக் குழியில் அவர் விழவில்லை. எஃப்லாக் என்ற பூட்டு அழைப்பின் மூலம் பூட்டி, படித்து, கூட்டி, எழுதி, பிறகு அச்சிடும் ஸ்கிரிப்டைப் பின்னணியில் கிளப்பிவிட்டு முடிக்கிறார். எஃப்லாக்கின் பெரிய வசதி, பூட்டு கெர்னலின் கையில் இருப்பது. பிராசஸ் செத்தால், பெட்டி விழுந்தால், பூட்டும் போய்விடும். செல்லோடேப் சீட்டு தேவையில்லை. இரட்டை எண்ணும் நின்றுபோனது.

ஆனால் இந்தப் பதிப்பு வந்த பிறகுதான், திடீர் திடீரென்று மூன்று கவுன்டரும் ஒன்றாக உறைய ஆரம்பித்தன. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நிமிடம் கழித்து எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகும். நெட்வொர்க் சுவிட்ச் மாற்றினார்கள், கேபிள் மாற்றினார்கள். மூன்றாவது கவுன்டர் அக்கா மட்டும் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெண்டாம் கவுன்டர்ல பேப்பர் ரோல் மாத்தினா எங்களுக்கும் வந்துடுது தம்பி. நானும் சொல்றேன், யாரும் காதுல வாங்கல.”

அவர் மெஷினில் ரோல் முழுதாக இருக்கும்போதே அப்படி நடக்கிறதாம். ஒரு பிரின்டரின் பேப்பர் இன்னொரு கவுன்டரை நிறுத்துமா என்று சிரித்திருக்கிறார்கள். நான் இரண்டாம் கவுன்டர் ரோலை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒரு டோக்கன் போடச் சொன்னேன். அடுத்த டோக்கனுக்கு முதல் கவுன்டர் நின்றது, மூன்றாவதும் நின்றது.

லினக்ஸின் ப்ராக் அடைவில் ‘லாக்ஸ்’ என்றொரு கோப்பு உண்டு. இந்த நொடியில் யார் எந்த ஐநோடை (பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கோப்பின் அடையாளம்) பூட்டியிருக்கிறார்கள் என்று கெர்னல் அதில் காட்டும். எண் கோப்பின் ஐநோடுக்கு நேரே ஒரு அப்பாச்சி பிராசஸின் எண் இருந்தது. அந்தப் பிராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பார்த்தால் எண் கோப்பு அதில் இல்லவே இல்லை. தன் வேலையை முடித்து எப்போதோ மூடிவிட்டது. பூட்டியவனாகப் பெயர் இருக்கிறது, பூட்டிய பொருள் அவன் கையில் இல்லை. அடுத்து, ஒரு கோப்பை எந்தப் பிராசஸ்கள் திறந்து வைத்திருக்கின்றன என்று காட்டும் ஃபியூசர் கட்டளையை எண் கோப்பின் மேல் ஓட்டினேன். காத்திருக்கும் அப்பாச்சி பிராசஸ்கள் வந்தன, அது எதிர்பார்த்தது. கூடவே, அந்தக் கோப்போடு எந்த ஒட்டும் உறவும் இருக்கக்கூடாத அச்சு ஸ்கிரிப்டும் இருந்தது.

நடந்தது இதுதான். எஃப்லாக் பூட்டு பிராசஸோடு ஒட்டியது அல்ல, கோப்பைத் திறந்தபோது கெர்னலில் உண்டான அந்தத் ‘திறப்போடு’ ஒட்டியது. ஒரு பிராசஸ் பிள்ளைப் பிராசஸைப் பெற்றால் பிள்ளைக்கும் அதே திறப்பில் பங்கு போகிறது. தாய் தன் கைப்பிடியை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) மூடினாலும் பிள்ளை பிடித்திருக்கும் வரை பூட்டு விடாது. இங்கே பிள்ளை அச்சு ஸ்கிரிப்ட். பேப்பர் தீர்ந்த பிரின்டர் தரவை வாங்க மறுக்கிறது, ஸ்கிரிப்ட் காத்திருக்கிறது, அதன் கைப்பிடியில் எண் கோப்பின் பூட்டும் காத்திருக்கிறது. ரோலை மாற்றியதும் ஸ்கிரிப்ட் முடிகிறது, எல்லாக் கவுன்டரும் ஒன்றாக உயிர்பெறுகின்றன. அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

பிஎச்பியில் இதற்கு ஒரு வரலாறும் உண்டு. முன்பெல்லாம் கோப்பை மூடினால் பிஎச்பியே பூட்டையும் அவிழ்த்துவிடும். 5.3.2 பதிப்போடு அந்தத் தானியங்கி அவிழ்ப்பை எடுத்துவிட்டார்கள், நாமே சொல்லி அவிழ்க்க வேண்டும். வெறுமனே மூடினால் போதும் என்ற பழக்கம் பின்னணிப் பிள்ளை இல்லாத வரை தெரியாமல் ஓடும்.

திருத்தம் இரண்டு வரி. எண்ணை எழுதி ஃப்ளஷ் செய்த (நிரலின் நினைவகத்தில் தங்காமல் கோப்புக்குத் தள்ளிய) உடனே, அச்சைக் கிளப்பும் முன், பூட்டை வெளிப்படையாக அவிழ்ப்பது. கோப்பைத் திறக்கும் மோடில் ‘இ’ எழுத்தைச் சேர்ப்பது. அப்போது வேறு நிரலை ஓட்டும்போது அந்தக் கைப்பிடி தானாக மூடிக்கொள்ளும். ஒன்றே போதும், இரண்டையும் போட்டேன். நாளைக்கு யாராவது நடுவில் ஒரு வரியை நகர்த்துவார்கள். பைத்தானில் 3.4 முதல் புதிய கைப்பிடிகள் பிள்ளைக்குப் போகாமல் இருப்பதே இயல்பு நிலை. மற்ற மொழிகளில் எழுதுகிறவர்கள் தங்கள் மொழி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

எஃப்கன்ட்ரோல் என்ற இன்னொரு வகைப் பூட்டுக்கு மாறியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது, அது பிள்ளைக்குப் போகாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். போகாதுதான். ஆனால் அந்தப் பூட்டின் குணம் அதைவிட மோசம். ஒரே பிராசஸுக்குள் அதே கோப்பை வேறு எங்காவது, ஏதோ ஒரு லைப்ரரி, சும்மா திறந்து படித்துவிட்டு மூடினால்கூட பூட்டு சத்தமில்லாமல் கழன்றுவிடும். ஒரே பிராசஸின் இரண்டு த்ரெட்கள் (இணையாக ஓடும் கிளைகள்) ஒன்றையொன்று தடுக்கவும் தடுக்காது. இதைச் சரிசெய்யத்தான் 2014இல், லினக்ஸ் 3.15இல், திறப்போடு ஒட்டும் ஓஎஃப்டி பூட்டுகள் வந்தன. மெதுவாக நிற்பது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. சத்தமில்லாமல் பூட்டு கழல்வது ஜூன் 14 அன்றுதான் தெரியவரும். எனக்கு முதலாவது பரவாயில்லை.

காலவரம்பையும் இதோடு சேர்த்தேன். பூட்டுக்காக முடிவில்லாமல் நிற்காமல், காத்திருக்காத கொடியோடு திரும்பத் திரும்பக் கேட்டு, சில நொடியில் கிடைக்காவிட்டால் “சர்வரைப் பாருங்கள்” என்று திரையில் சொல்லிவிடும்.

கரண்ட்

வோல்டேஜ் பிரச்சினை இன்னும் பாக்கி. எண் கோப்பைச் சுருக்கிவிட்டு எழுதும் நேரத்தில் பெட்டி விழுந்தால் காலிக் கோப்புதான் மிஞ்சும். பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பூட்டு மற்றவர்களைத் தடுக்கும், மின்வெட்டைத் தடுக்காது. வழக்கமான தீர்வு: புதிய எண்ணை அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுது, எஃப்சிங்க் செய்து டிஸ்குக்கு இறக்கு, பிறகு ரீநேம் செய்து பழையதன் மேல் வை. பெயர் மாறும் அந்தக் கணம் பிரிக்க முடியாதது. படிப்பவனுக்குப் பழையது முழுதாகவோ புதியது முழுதாகவோதான் கிடைக்கும். பிஎச்பியில் எஃப்சிங்க் 8.1இல்தான் வந்தது, பெட்டியில் பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது.

இங்கே ஒரு பொறி. எண் கோப்பின் மேலேயே பூட்டு போட்டுவிட்டு அதையே ரீநேம் மூலம் மாற்றினால் பூட்டு வீண். பூட்டு ஐநோடின் மேல் இருக்கிறது, பெயரின் மேல் அல்ல. ஏற்கெனவே திறந்து காத்திருப்பவன் பழைய ஐநோடின் பூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வருவான். புதிதாக வருபவன் புதிய ஐநோடைப் பூட்டிக்கொண்டு உள்ளே வருவான். இரண்டு பேர் கையிலும் செல்லுபடியாகும் பூட்டு, 412 மறுபடி இரண்டு. ஆகவே பூட்டுக்கென்று தனிக் கோப்பு வைத்தேன், எண் கோப்பு வேறு.

அந்தப் பூட்டுக் கோப்பை வேலை முடிந்ததும் அழித்துச் சுத்தமாக வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. அழித்தாலும் அதே கதைதான்: காத்திருப்பவன் பெயரில்லாத ஐநோடைப் பூட்டுவான், அடுத்து வருபவன் புதிதாக ஒன்றை உருவாக்கிப் பூட்டுவான். அழித்தே தீர வேண்டுமென்றால், பூட்டு கிடைத்த பிறகு கையில் இருக்கும் கோப்பின் சாதன எண்ணும் ஐநோடு எண்ணும் அந்தப் பெயரில் இப்போது இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் மறுபடி திறக்க வேண்டும். காலிக் கோப்பு ஒன்று கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியே விட்டுவிட்டேன்.

ரீநேம் நிரந்தரமாவதற்கு அடைவையும் டிஸ்குக்கு இறக்க வேண்டும். பிஎச்பியிலிருந்து அதைச் செய்வது சிரமம். இறங்குவதற்குள் கரண்ட் போனால், எழுந்த பிறகு பழைய எண் திரும்பி வரலாம், கொடுத்த டோக்கனையே மறுபடி கொடுக்க நேரிடும். அதனால் பெட்டி எழும் ஒவ்வொரு முறையும் எண்ணை 20 தள்ளி வைக்கும்படி செய்தேன். முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை.

“நடுவுல நம்பர் காணலன்னா கணக்குல கேப்பாங்களே தம்பி?”

“ஒரு நம்பர் விட்டுப்போனா கணக்கு நோட்டுல ‘கரண்ட் கட்’னு ஒரு வரி எழுதிடலாம் அண்ணே. ரெண்டு போட்டுக்கு ஒரே நம்பர் போனா என்ன எழுதுவீங்க?”

ஒப்புக்கொண்டார். யுபிஎஸ் பேட்டரியும் மாற்றினார், அதுவும் சேர்த்தி.

சோதனை

பழைய நிரலை என் மடிக்கணினியில் ஓட்டியபோது பிழை எளிதில் வரவில்லை. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே சில மில்லிநொடி தூக்கத்தை வேண்டுமென்றே செருகி, ஐம்பது பிராசஸ்களை ஒன்றாகக் கிளப்பியதும் இரட்டை எண்கள் கொட்டின. புதிய நிரலுக்கும் அதே தூக்கத்தைச் செருகி, வந்த எண்களை வரிசைப்படுத்தி இரட்டையைத் தேடினேன். ஒன்றும் இல்லை. நடுவில் பிராசஸ்களைக் கொல்லும் சோதனையில் எண்கள் விட்டுப்போயின, இரட்டிக்கவில்லை. ஓட்டையைச் செயற்கையாக அகலப்படுத்தாமல் ‘ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை’ என்பதற்கு இந்த விஷயத்தில் மதிப்பே கிடையாது.

எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்கு ஏன் போகவில்லை என்று கேட்கலாம். புதிதாக எழுதுவதாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். தொடக்கத்திலேயே எழுத்துப் பூட்டைக் கேட்கும் ‘பிகின் இமீடியட்’ போட்டு. வெறும் ‘பிகின்’ போட்டுப் படித்துவிட்டுப் பிறகு எழுதப்போனால் அங்கேயும் ‘பிஸி’ என்று முகத்தில் அடிக்கும். ஓடுகிற கடையில் அடித்தளத்தை மாற்ற முதலாளிக்கு இஷ்டமில்லை, அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது.

கடைசியாக வந்த கோரிக்கை, எண் கோப்பை மஞ்சக்குப்பம் அலுவலகத்தின் நெட்வொர்க் டிஸ்குக்கு மாற்றி அங்கிருந்தும் டோக்கன் போட வேண்டும் என்பது. மறுத்துவிட்டேன். நெட்வொர்க் டிஸ்கைப் பகிரும் முறைகளில் ஒன்றான என்எஃப்எஸ்ஸில் எஃப்லாக் ஒரு காலத்தில் அந்தந்தப் பெட்டிக்குள் மட்டுமே செல்லுபடியானது. லினக்ஸ் 2.6.12 முதல்தான் அது சர்வருக்குப் போகும் பைட்-வரம்புப் பூட்டாக (கோப்பின் குறிப்பிட்ட பகுதியைப் பூட்டுவது) மாற்றப்படுகிறது. எஸ்எம்பி என்ற இன்னொரு பகிர்வு முறையில் அப்படி மாறியது 5.5 கெர்னலில். அதன் பிறகும் மவுன்ட் செய்யும்போது கொடுக்கும் ஒரு விருப்பம் அதை மறுபடி உள்ளூர்ப் பூட்டாக்கிவிடலாம். அப்போது இரண்டு ஊரிலும் பூட்டு கிடைக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மஞ்சக்குப்பத்துக்கும் அதே சர்வரின் பக்கத்தையே பிரவுசரில் திறந்து கொடுத்தேன். எண்ணைத் தொடுவது ஒரே பெட்டிதான். கணக்கருக்குத் தேவையான நகல் கிரான் என்ற நேர அட்டவணை நிரல் மூலம் போகிறது. முந்தைய நகல் முடியாமல் இருந்தால் அடுத்தது கிளம்பாதபடி, அந்த வரியின் முன்னால் காத்திருக்காத கொடியோடு எஃப்லாக் கட்டளை நிற்கிறது.